செம்பாக்கம் மனையில் ஹைட்ரஜன்

என் வீட்டுக்காரர் வில்பிரட் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். தாம்பரத்தில் ஒரு ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஆனால் அவரோடு ஒரே ஒரு மாசம் குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்புறம் வந்து என்னிடம் பேசுங்கள்!

எழுபத்திநாலில் செம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கினோம். என் வளையல் போன வழி அதுதான். தண்ணீருக்குப் போர் போட்டோம். நூறடி போயும் வெறும் பாறைத் தூசிதான் வந்தது. குடியிருந்த வாடகை வீட்டையோ மே மாசத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத மனையில் எங்கே வீடு கட்டுவது? நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் போர்க் குழாய்க்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்!

"அருமையான பாறை, ஹில்டா. தண்ணி கசிய ஒரு விரிசல்கூட இல்லை. ஹைட்ரஜன் வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

அப்போது பெட்ரோல் விலை ஏறி ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கு நான் கியூவில் நின்றேன், இவர் பிரசங்கம் பண்ணினார். பெட்ரோல் ஒருநாள் தீர்ந்துவிடுமாம். கரண்ட் மிச்சமாக இருக்கும்போது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாதபோது எரிக்கலாமாம். ஊருக்கே வேண்டிய ஹைட்ரஜனை அடைக்க இரும்பு டாங்கி கட்டி மாளாது, பூமிக்குள்தான் வைக்க வேண்டுமாம்.

"முதல்ல குடிக்கத் தண்ணி காட்டுங்க, அப்புறம் அதைப் பிரிங்க" என்றேன். காதில் விழுந்தால்தானே!

போர்க் குழாய்க்கு இரும்பு மூடி போட்டு, பிரஷர் பார்க்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். முதலில் வெறும் காற்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தினமும் ஸ்கூல் விட்டதும் சைக்கிளில் போய், சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவார். மனுஷன் போர்க் குழாய்க்குக் காற்றடிக்கிறாரே என்று ஊரே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

இவரை நம்பிப் பயனில்லை என்று நானே ஆள் பிடித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் மரக்கடை வைத்திருந்த முனிரத்தினம் மனையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். சனிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகப் பேச்சு. கட்டின கனவெல்லாம் போச்சு என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒருமுறை மனையைப் பார்க்கப் போனேன். பக்கத்து நிலத்துக்காரி கிளியம்மாள் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இன்னாக்கா இது பேஜாரு? உங்க வூட்டுக்காரரு அங்க காத்தடிச்சா எங்க கெணத்துல குபுகுபுன்னு காத்து முட்டை முட்டையா வருது! முதல் நாளு சேறா வந்துச்சு, இப்ப வெறும் காத்துதான். சொல்லாதேன்னு கெஞ்சினாரு, பத்து நாளா வாய மூடிகினு கீறேன்."

இங்கே அடித்த காற்று அங்கே போகிறதென்றால் நடுவில் வழி இருக்கிறது. சேறு அடைத்த வழி. இவர் பம்பே அதைக் குத்தித் திறந்துவிட்டது. காற்று போகும் வழியில் தண்ணீர் வராதா?

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்து இறங்கினார் எங்கள் வீட்டு மகராசன்.

"ஏங்க சொல்லலை?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா மூடியைக் கழட்டச் சொல்லுவே. விரிசலை சிமெண்ட் வச்சு அடைச்சுடலாம்னு பார்த்தேன்."

"நாளைக்கு மனை கைமாறுது!"

"முனிரத்தினத்துகிட்ட பேசிட்டேன். மனையை வாங்கினாலும் மூடியை எடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்கார்."

அடப்பாவி மனுஷா! நான் பட்டினி கிடந்து அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டவர் இவர். அன்று வந்த ஆத்திரம் என் வாழ்நாளில் வந்ததில்லை. ஸ்பேனரைப் பிடுங்கி நானே மூடியைக் கழற்றினேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அரைமணி நேரம் மூன்று பேரும் குழாயைச் சுற்றிக் காத்திருந்தோம். பிறகு கிளியம்மாள் அதற்குள் ஒரு கல்லைப் போட்டாள். 'தொளக்' என்று கேட்டது. நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"யக்கா, அது எங்க கெணத்துத் தண்ணி" என்று சிரித்தாள் கிளியம்மாள். "குடிங்க, போவுது."

முனிரத்தினத்திடம் மனை விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வருஷமே வீடு கட்டினோம். இவர் தினமும் விடிந்ததும் கைப்பம்பில் பத்து வாளி தண்ணீர் அடித்து வைத்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவார். அடிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஹைட்ரஜன் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு வருஷம்! பெட்ரோல், கரண்ட் என்று நானே பேச்செடுத்தாலும் 'ம்' கொட்டுவார். பிரசங்கத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், இந்த மௌனத்தை எப்படித் தாங்குவது?

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏங்க, விரிசல் இல்லாத பாறை இந்தப் பக்கம் வேற எங்கேயுமே இல்லையா?"

வாளியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பல்லாவரம் மலைப் பக்கம் இருக்கு, ஹில்டா" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் ஸ்கூலுக்கு லேட், நான் சமையலுக்கு லேட்.