பெட்ரோலில் கழுவிய ரப்பர்

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. வண்டிக்குப் பின்னால் குனிந்து புகையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுது, காத்து போதல" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். கார்புரேட்டர் வேலையில் முப்பது வருடம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற அந்தக் கையடக்கச் சாமானை அவர் கழற்றினால், கடுகளவு திருகைக்கூட பெட்ரோலில் குளிப்பாட்டாமல் திரும்ப மாட்டமாட்டார். பெட்ரோலில் கழுவாத எதுவும் அவருக்குச் சுத்தமில்லை. சாப்பிடுகிற தட்டையாவது விட்டுவைத்தாரே, அதுவே பெரிய விஷயம் என்பாள் அவர் மனைவி.

மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் இடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தாள், வலது கால் பிழைக்கவில்லை. உள்ளே கம்பி வைத்ததில் முழங்கால் மடங்காமல் போயிற்று, இடுப்பும் பாதிதான் மடங்கும். பஸ் படி ஏற முடியாது. தெரிந்தவர்களின் கார்களில் ஏழெட்டில் ஏற்றிப் பார்த்தார் மூக்கர். எதிலும் கதவு இடுக்கு போதவில்லை. ஒரு காரில் கால் பாதி உள்ளே போய் மாட்டிக்கொள்ள, அவள் நடுத்தெருவில் வாய்விட்டு அழுதுவிட்டாள். அதற்கப்புறம் எந்தக் காரையும் கூட்டிவராதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடம் வீட்டோடு கிடந்தாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். முதலில் புத்தகம் படித்தாள், பிறகு அதையும் விட்டாள். தலை வாருவதற்கு மத்தியானம் ஆகும். ஒரு நாள், "இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்று கேட்டாள். சொன்னார். சாயங்காலம் மறுபடியும் அதையே கேட்டாள்.

அப்போது கண்ணில் பட்டதுதான் அந்தக் கார். ஒரு மரக்கடைக் கொட்டகையில் சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் ஐம்பது வருடத்துப் பழசு ஒன்று நின்றிருந்தது. உயரமான கூரை, தட்டையான தரை, பீரோ மாதிரி அகலமாகத் திறக்கிற பின்கதவு. அதில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து, காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். ஆறு மாதம் மல்லுக்கட்டி அதை ஓடவைத்தார். தெருக்காரர்கள் அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்துக் கேலி பண்ணினார்கள். பண்ணட்டுமே! பழைய வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. தினமும் காலையில் தலைசீவிப் பவுடர் போட்டு, கைப்பையோடு வாசலில் நிற்பாள். தாமதமானால் அவரை ஒரு பிடி பிடிப்பாள். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போது அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

நல்லா இருக்கிற இடத்தில் சட்டம் வந்து மூக்கை நுழைக்காமல் இருக்குமா? பழைய வண்டியெல்லாம் சோதனையில் தேற வேண்டும், மூன்று முறை தவறினால் நம்பர் ரத்து, வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது என்றார்கள். முதல் முறை பெட்ரோல் கசிவு. இப்போது வருகிற பெட்ரோல் அந்தக் காலத்துக் குழாயை அரித்துவிடுகிறது. இரண்டாவது முறை பிரேக். "இந்த டிரம் பிரேக் எல்லாம் ஆகாது சார். முன்னாடி டிஸ்க் போடுங்க, மாஸ்டர் சிலிண்டரையும் ரெட்டை லைனா மாத்துங்க" என்றார் அதிகாரி. மிதியை அழுத்தும்போது எண்ணெயைச் சக்கரத்துக்குத் தள்ளுவது அந்தச் சிலிண்டர்தான்; ரெட்டை லைன் என்றால் ஒரு குழாய் கசிந்தாலும் மற்றது பிடிக்கும்.

பெட்ரோல் பக்கத்தை மூக்கர் ராஜ வேலையாகச் செய்தார். டேங்கை இறக்கித் துருவை அலசினார். புதுக் குழாய், புதுப் பம்பு, புது ஃபில்டர். ஒரு சொட்டு கசியட்டும் பார்ப்போம் என்று காகிதத்தைத் தரையில் விரித்துவைத்து மூன்று நாள் காவல் இருந்தார். காகிதம் காய்ந்தே கிடந்தது.

பிரேக் வேலைக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன் இரண்டு தெரு தள்ளி பிரேக் கடைதான் வைத்திருக்கிறார். ஆனால் மச்சானும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருடம் ஆயிற்று. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மச்சான் வாய் சும்மா இருக்காமல், "கார்புரேட்டர்காரனுக்கு வண்டியை ஓடவைக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்று சொல்லித் தொலைத்தார். பந்தியே சிரித்தது. மூக்கர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்தான்.

"அண்ணனைக் கூப்பிடுங்களேன். எனக்காக."

"உங்க அண்ணன் கை இந்த வண்டி மேல படவேண்டாம். நாலு போல்ட்டு, ரெண்டு குழாய். இதுக்கு ஒரு வாத்தியாரா?"

"வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கை மாட்டி முடித்தார். புதுச் சிலிண்டர் பெட்டியில் வந்தது. கழற்றிப் பார்த்தார். உள்ளே கறுப்பாகக் கிண்ணம் கிண்ணமாக ரப்பர்கள், மேலே வழவழவென்று ஏதோ பூசியிருந்தது. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பூசி அனுப்பிய பூச்சு அது. மூக்கருக்கு அது அழுக்காகத் தெரிந்தது. "புதுசுன்னு பேரு, பிசுக்கைப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே, முப்பது வருடமாக எதைச் செய்தாரோ அதையே செய்தார். டப்பாவில் பெட்ரோலை ஊற்றி, ரப்பர்களைக் காலையில் அதில் போட்டு, சாயங்காலம் எடுத்துத் துடைத்து மாட்டினார். பிரேக் கடையில் எடுபிடி வேலைக்கு இருக்கிறவன்கூட பிரேக் ரப்பர் பக்கத்தில் பெட்ரோலைக் கொண்டுபோக மாட்டான். இவரிடம் யார் சொல்வது?

அன்றைக்கே ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் நின்றது வண்டி. தெருமுனைவரை நான்கு தடவை போய் நான்கு தடவை நிறுத்திக் காட்டினார். ஜன்னலிலிருந்து அவள் கைதட்டினாள். அவருக்குக் கால் தரையில் படவில்லை.

நான்காம் நாள் மூன்றாவது சோதனை. புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது, அடுக்க வேண்டும், அப்படியே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுங்கள் என்று அவளும் கூடவே வந்தாள். வழியில் வண்டி லேசாகக் கனத்தது. புதுசு, இறுக்கமாக இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பெட்ரோல் சோதனை முதல் பார்வையிலேயே தேறியது. "சுத்தமான வேலை சார்" என்றார் அதிகாரி. பிறகு பிரேக். முதல் நிறுத்தம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது தடவை நின்ற வண்டி பிறகு நகரவில்லை. எஞ்சின் உறுமியது, சக்கரம் பிடித்த பிடியை விடவில்லை, முன்னாலிருந்து புகை வந்தது.

"காலை எடுத்துட்டீங்களா சார்?"

"எடுத்துட்டேன் சார்."

"நல்லாப் பாருங்க."

கால் தரையில்தான் இருந்தது.

அவள்தான் அண்ணனுக்கு ஃபோன் பண்ணினாள். சரக்கு ஏற்றுகிற வண்டியில் விழுந்தடித்துக்கொண்டு வந்தார் மச்சான். சிலிண்டர் மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் உப்பிப்போய் வெளியே பிதுங்கியது. விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே இருந்த கிண்ணங்களும் இப்படி உப்பித்தான், தள்ளின எண்ணெயைத் திரும்ப விடாமல் பிரேக்கைப் பிடித்துவைத்திருந்தன.

"மாப்பிள்ளை, இதை எதுல கழுவுனீங்க?"

"பெட்ரோல்ல."

மச்சான் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கலாம். மூடியை மெதுவாக மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மூக்கர் அதிகாரியின் பின்னால் ஓடினார். "ஒரே ஒரு நாள் குடுங்க சார். ரப்பரை மட்டும் மாத்திடறேன். பிரேக்கு நல்ல பிரேக்கு சார். நான்தான் கெடுத்தேன்."

"மூணாவது தடவை சார். கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல."

பள்ளிக்கூடம், புத்தகம், கால் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, கடைசிவரை நின்று கேட்டார். கேட்டுவிட்டு ஆளை அனுப்பி முன்னும் பின்னும் நம்பர் பலகையைக் கழற்றச் சொன்னார்.

வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லை. இருந்தாலும் அவள் ஏற முடியாதே. மச்சான் சரக்கு வண்டியின் பின்பலகையை இறக்கி, சாக்கை விரித்து, அதன்மேல் தன் சட்டையையும் கழற்றிப் போட்டார். இரண்டு பேருமாகத் தூக்கி அவளைக் கிடத்தினார்கள். வாரிய தலை கலையாமல் இருக்க அவள் கையால் பிடித்துக்கொண்டாள். மூக்கர் அவள் காலடியில் உட்கார்ந்தார். சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கைப்பையை எடுத்து முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி லீவு சொல்லிடுங்க" என்றாள் பைக்கு அடியிலிருந்து.

ஃபோன் போட்டார். ஆபீஸ் அம்மாள் எடுத்தாள். "அச்சச்சோ, உடம்பு சரியில்லையா? எத்தனை நாளைக்கு சார் லீவு?"

அவர் நீட்டிக்கிடந்த அவள் காலைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு சார்?" என்று மறுபடியும் கேட்டது அவளுக்கும் கேட்டது. முகத்திலிருந்து பையை எடுத்தாள். அவர்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர் அதை அப்படியே சொன்னார்.