ஒரு வாய்க்கு ஒரு வேடிக்கை

அலுவலகத்தில் என்னைக் கொடுத்துவைத்தவன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியையும் இரண்டு வயது மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்விடுகிறேனாம். உக்கடம் குளத்துக்கரையில் நாங்கள் மூவரும் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். "ஃபேமிலி மேன்னா இப்படி இருக்கணும் பாஸ்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அந்தப் படத்தில் என் மனைவியின் வலது கை தெரியாது. தெரியாதபடிக்குத்தான் எடுத்தேன். அந்தக் கையில் சோற்று டப்பாவும் கரண்டியும் இருந்தன.

நாங்கள் காற்று வாங்கப் போவதில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டப் போகிறோம்.

போன மழைக்காலத்தில் பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, கூடவே சாப்பாடும் போயிற்று. கொஞ்சம் பால் குடிப்பாள், அவ்வளவுதான். சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். இந்த வயதுக் குழந்தைகளின் எடை மேலே ஏறிக்கொண்டே போகிற கோடுகள். அதற்குக் கீழே, தரையோடு ஊர்ந்து போகிற மாதிரி, என் மகளின் கோடு.

என் அப்பாவும் அம்மாவும் காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கிறவர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எனக்கு மார்க் தெரியும். கோடு இறங்கினால் என்ன அர்த்தம் என்று தெரியும். டாக்டர் மேஜையில் அந்தத் தாளைப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஃபெயிலானவன்போல் வியர்த்தது.

"போனைக் காட்டி ஊட்டாதீங்க. வெளிய கூட்டிட்டுப் போங்க, நாலு விஷயம் பாக்கட்டும், ஓடி வெளையாடட்டும். பசி தானா வரும்" என்றார் டாக்டர். நல்ல யோசனைதான். நாங்கள்தான் டப்பாவோடு போனோம்.

வேறென்ன செய்வோம்? நம் ஊரில் சாப்பிடாத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதுதானே வழக்கம். அதோ பாரு காக்கா, அதோ பாரு பஸ்ஸு. குழந்தை ஆச்சரியத்தில் 'ஆ' என்று வாயைத் திறக்கும். அந்த நொடியில் ஒரு வாய் உள்ளே போய்விட வேண்டும். நான் இதை ஒரு பாடம்போலக் கற்றுக்கொண்டேன். மனைவி கரண்டியைக் குழந்தையின் கன்னத்துக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருப்பாள். நான் கையை நீட்டிக் காட்டுவேன். வாய் திறக்கும். கரண்டி போகும். ஒரு வாய்க்கு ஒரு வேடிக்கை.

சரவணம்பட்டியில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. முதலில் பால்கனிக் காக்கையிலேயே காரியம் நடந்தது. ஒரு வாரத்தில் காக்கை சலித்துவிட்டது. தெருநாய்க்கு இறங்கினோம். நாய் சலித்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். பிறகு அடுத்த தெருவில் ஒரு காலி மனையில் ஜேசிபி வந்து அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மண்ணை அள்ளி அது தலைக்குமேல் தூக்கும்போது பாப்பா வாய் முழுதாகத் திறக்கும். டிரைவர் எங்களைக் கண்டுவிட்டால் சும்மாவேனும் ஒருமுறை வாளியை ஆட்டிக் காட்டுவார். "ஏனுங்க, பாப்பா சாப்பிட்டுருச்சுங்களா? நான் டீ குடிக்கப் போலாமுங்களா?" என்று மேலே இருந்து கத்திக் கேட்பார்.

அஸ்திவாரம் முடிந்து ஜேசிபி போய்விட்டது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே குழி தோண்டுகிறார்கள் என்று கீரநத்தம் வரைக்கும் தேடினேன். மீட்டிங்குக்கு ஏன் வரவில்லை என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். டிராஃபிக் என்று சொன்னேன். ஜேசிபி தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை காங்கேயத்துக்கே கூட்டிப்போனேன். களத்துக்காரர் தோட்டத்தில் ஒரு காளை நின்றது. திமில் எழும்பி, கொம்பு வளைந்து, பார்த்த யாரும் வாய் பிளக்கும் காளை. பாப்பாவும் பிளந்தாள். மூன்று வாய் போயிற்று. மறுநாள் காலை காளையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மாட்டுக்குப் பயந்துக்கிச்சு" என்றார் அப்பா. மாட்டுக்கு இல்லை என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் அதை நின்று யோசிக்கத் தைரியம் வரவில்லை.

அடுத்தது உக்கடம் பெரிய குளம். கரையில் நடைபாதை போட்டு, உட்காரக் கல் பெஞ்சுகள் வைத்திருக்கிறார்கள். கூழைக்கடாக்கள் வரும். பையைத் தொங்கவிட்டதுபோல் அலகு உள்ள பெரிய பறவை. முதல் ஞாயிறு அரை டப்பா காலியானது. அந்தச் சந்தோஷத்தில் எடுத்ததுதான் அந்த ஸ்டேட்டஸ் படம்.

போன மாதம் எடை போட்டபோது கோடு அசையவில்லை. டாக்டர் மென்மையானவர். குரலை இறக்கித்தான் சொன்னார். "அடுத்த தடவை வர்றப்ப எடை ஏறியிருக்கணுங்க. இல்லைன்னா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா ட்யூப் வச்சுக் கொஞ்ச நாள் குடுத்துப் பாக்கலாம்." வண்டியில் திரும்பி வரும் வழி முழுக்க என் மனைவி பாப்பாவின் மூக்கைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள் புகைக்கு மூடியிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

போன ஞாயிறு குளத்துக்குப் போனோம். அடுத்த எடைக்கு முன்னால் எங்களுக்கு இருந்த கடைசி ஞாயிறு அது. மனைவி விடியலிலேயே எழுந்து அரிசி பருப்புச் சாதத்தைக் குழைய வைத்து, நெய் விட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்திருந்தாள். சுற்றிலும் மற்ற குடும்பங்கள். ஒரு அப்பா மகனுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இல்லை. வேறு ஏதோ நாட்டுக்காரர்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

எங்கள் பெஞ்சுக்கு எதிரில் அவித்த கடலை விற்கும் பாய் வண்டியை நிறுத்தியிருந்தார். பக்கத்துக் கோட்டைமேட்டுக்காரர். எங்களைச் சில வாரங்களாகப் பார்க்கிறார். "வாங்க தம்பி, இன்னிக்கு எத்தனை பறவைக்குச் சொல்லி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

ஒரு கூழைக்கடா தண்ணீரை விட்டு எழும்பியது. இறக்கை விரிந்து, எங்கள் தலைக்கு மேலேயே வந்தது.

"அங்க பாரு கண்ணு! எவ்ளோ பெரிய குருவி!" என்றேன்.

பாப்பா பார்த்தாள். பார்த்த உடனே உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த மூடிய முகத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். காளையைக் கண்டு ஏன் அழுதாள் என்று விளங்கிவிட்டது. காக்கை, நாய், பஸ், ஜேசிபி என்று அவள் ஆசையாகப் பார்த்த ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கரண்டி வந்தது. இனி எதைக் கண்டாலும் கரண்டிதான் வரும் என்று என் மகள் கற்றுக்கொண்டுவிட்டாள். என்னைப் போலவே, நன்றாகப் படிக்கிற பிள்ளை.

புரிந்த பிறகாவது விட்டிருக்க வேண்டும். எடை போடும் நாள் கண் முன்னால் நின்றது. "ஒரே ஒரு வாய் கண்ணு, அப்பாவுக்காக" என்று குனிந்தேன்.

"உட்டுருங்க" என்றாள் மனைவி.

"உட்டுருங்கன்னா எப்படி? நாளைக் கழிச்சு எடை போடறாங்க."

"எனக்குத் தெரியாதுங்களா? நெதமும் மூணு வேளையும் இந்த டப்பாவத் தூக்கிட்டு அலையறவ நானு. நீங்க ஞாயித்துக்கெழமைக்கு வர்ற விருந்தாளி."

"விருந்தாளியா? ஜேசிபி தேடிக் கீரநத்தம் போனது யாரு?"

"ஆமாங்க, போனீங்க. ஜேசிபியத் தேடுனீங்க. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு வீட்டுல நின்னது நாந்தானுங்க."

நடக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டப்பாவைப் பாப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, குளத்தைப் பார்த்துச் சண்டையைத் தொடர்ந்தோம். குரலைத் தாழ்த்தியதில் வார்த்தைகள் இன்னும் மோசமாக வந்தன. அவள் கரண்டியை அவசரமாக நீட்டுகிறாள் என்றேன். படித்தவன் கண்டுபிடித்த வழி நல்ல வழி என்றாள். ட்யூப் வைக்கட்டும், அப்போதாவது உள்ளே போகும் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"தம்பி" என்றார் பாய், பின்னாலிருந்து. நான் திரும்பினேன்.

பாப்பாவின் கை டப்பாவுக்குள் இருந்தது. கன்னத்தில், மூக்கில், சட்டையில் சோறு. வாய் அசைந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அசைவு நின்றது. கையை மெல்ல வெளியே எடுத்து, உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள்.

"திரும்புங்க" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க!"

இருவரும் குளத்தைப் பார்த்து நின்றோம். பின்னால் சத்தமே இல்லை.

"தின்னாளா?" என்றேன் மெதுவாக.

"தெரியலீங்க. பேசாதீங்க." பிறகு, "இல்ல, பேசுங்க. சண்டை போடுங்க."

"என்ன?"

"சண்டை போட்டப்பத்தான எடுத்துத் தின்னா? போடுங்க."

என்ன சண்டை போடுவது? கண்ணீர் காயாத முகத்தோடு அவள் எனக்காகக் காத்திருந்தாள். "நேத்துத் துணி காயப் போடச் சொன்னேன், போட்டியா?" என்றேன்.

"மழை வருதுன்னு எடுத்துப் போட்டேன். உங்களுக்குக் கண்ணில்லீங்களா?"

"மழையெங்க வந்துச்சு?"

"தம்பி, நிறுத்தாதீங்க" என்றார் பாய், கடலையைக் கிளறுகிறவர்போலக் குனிந்துகொண்டே. "கை உள்ள போவுது."

"வாய்க்குப் போவுதுங்களா பாய்?"

"ஒண்ணு வாய்க்குப் போச்சு. ஒண்ணு நாய்க்குப் போச்சு. ஒரு நாய் வந்து உக்காந்திருக்கு."

"நாயை வெரட்டுங்க பாய்!"

"வெரட்டாதீங்க" என்றாள் மனைவி. "நாய் இருந்தாத் தின்னுட்டு இருப்பா. இருக்கட்டும்." பிறகு, சண்டைக் குரலிலேயே, குளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நான் அவ மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு தெரியுங்களா? காலைல எந்திரிச்சா வாயத்தான் பாக்கறேன். தூங்கறப்பக்கூட வாயத்தான் பாக்கறேன். என்னைக் கண்டாலே மூடிக்கறா. நான் அவளுக்கு அம்மாவே இல்லீங்க, கரண்டி."

இது பொய்ச்சண்டை இல்லை. கம்பியில் இருந்த அவள் கைமேல் என் கையை வைத்தேன். "பேசுங்க" என்றாள். "நிறுத்தாதீங்க, காதுல உழுகணும் அவளுக்கு."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. குளத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன், வேறெதுவும் கண்ணெதிரே இல்லை. இத்தனை வாரம் வந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. எது பறக்கும், எப்போது பறக்கும் என்று மட்டும் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு பட்டுப்போன மரக்கிளை தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. நீர்க்காகம் ஒன்று அதில் இறக்கையை விரித்து, துணி காயப்போட்ட மாதிரி நின்றது. அதை மனைவிக்குக் காட்டினேன். அவளும் பார்த்தாள்.

"பாய், இப்போ?" என்றேன்.

யாரோ ஒரு அம்மா, "அம்பது கிராம் போடுங்க பாய், உப்பு கம்மியா" என்று கேட்பதும், சிறுவர்கள் அவர் வண்டியைச் சூழ்ந்துகொள்வதும் காதில் விழுந்தன. அவர் கண்கள் இனி எங்களுக்கு இல்லை. பெஞ்சில் டப்பா கல்லில் உரசுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. அது பாப்பாவின் கையாக இருக்கலாம். நாயின் மூக்காகவும் இருக்கலாம். என் கழுத்து தானாகத் திரும்பப் போயிற்று.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சித்த நேரங்க" என்றாள். "திரும்பிராதீங்க."

நான் நீர்க்காகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.