மண்ணில் விழுந்த 'ட'

போன வாரம் தேனியில் கொள்ளுப்பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். "இங்கே குழந்தைங்க கையால செஞ்சு பார்த்துத்தான் கத்துக்குவாங்க பாட்டி. புது மெத்தட்!" என்றார் இளம் டீச்சர்.

புதுசா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம் முடியப்போகிற சமயம். உத்தமபாளையத்தில் நான் ஒன்றாம் வகுப்பு. சிலேட்டில் 'ட' கோணலாக விழுந்தது என்று வாத்தியார் விரல் முட்டியில் பிரம்பால் ஒரு போடு போட்டார். அன்றோடு பள்ளியில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓயாத பேச்சு, வகுப்பில்... ஊமை.

அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போக, அனுமந்தன்பட்டியிலிருந்து அருளம்மா டீச்சர் வந்தார். சின்ன வயசு. என்னை அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "உனக்கு எது பிடிக்குதோ அதைச் செய் தாயி" என்று விட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்தது பள்ளி முற்றத்து மணல். வாய்க்கால் வெட்டுவேன். பப்பாளித் தண்டைக் குழாயாக வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். ஓடாது. மறுபடி வெட்டுவேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார் — ஒரு யோசனை சொல்ல மாட்டார்!

விஷயம் வீட்டுக்கு எட்டியது. ஒருநாள் அம்மா விறுவிறுவென்று வந்து நின்றாள்.

"படிக்க அனுப்புனா மண்ணுல புரள விட்டிருக்கீகளே டீச்சரம்மா! இதுக்கு ஆடு மேய்க்கப் போகலாமே? எந்திரிடி, வீட்டுக்கு!"

என் கையைப் பிடித்து இழுக்கக் காலைத் தூக்கினாள். நேரே வாய்க்காலுக்கு மேலே.

"மிதிச்சிராத ஆத்தா! இங்கன மேடா இருந்துச்சு, இப்பத்தான் பறிச்சேன். தண்ணி வருது பாரு!"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளியில் என் குரலை அவர்கள் கேட்டு எத்தனை மாதம்! டீச்சர் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் நேராக இறங்கி, சட்டென்று வலப்பக்கம் திரும்பி ஓடியது.

"இது எந்த எழுத்து மாதிரி இருக்கு?" டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

பார்த்தேன். "டானா!" என்று கத்தினேன்.

முட்டியில் அடித்து ஏறாத எழுத்து, முழங்கை வரை சேறானதும் ஏறிவிட்டது. சொல்லிக் கொடுத்தது மறக்கலாம்... தானே கண்டுபிடித்தது மறக்குமா?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தண்ணீர் தெரியும், வயலுக்குப் பாய்ச்சுகிறவள். அது கடைசி வரை போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை ஒரு பழைய பாவாடையை என் முன்னால் போட்டாள். "இதைக் கட்டிட்டுப் போ. நல்லதைச் சேறாக்காத."

எங்கள் வீட்டில் கல்விக் கொள்கை மாறியது இப்படித்தான்!