எனக்கென்று விழாத ஓட்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில், நெடுநாள் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே நாங்கள் குடியிருந்த ஊரில், பிரசிடெண்ட் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளே இரண்டு ஆண்கள் நிற்கப்போவதாகப் பேச்சு வந்துவிட்டது. ஒருவர் நார் மில்காரர். இன்னொருவர் ரைஸ் மில்காரர். ஓட்டுச் சீட்டில் அவர்கள் மனைவிமார் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் ஊருக்குப் பிடிக்காது. நார் மில்காரர் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரைப் பள்ளத்தில் திறந்துவிட்டதில், காலனிக் கிணற்றுத் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. ரைஸ் மில்காரர் குளத்தோரப் புறம்போக்குக்குக் கம்பிவேலி போட்டு வளைத்துக்கொண்டார். நியாயம் கேட்கப் போனவர்கள் மேல் நாயை அவிழ்த்துவிட்டார். இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடு என்பது, எந்தக் கன்னத்தில் அறை வேண்டும் என்று கேட்பது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் நார் மில்லில் டிராக்டர் ஓட்டினார். மில்லுக்குச் சொந்தமான லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் வாசலில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தத் தேர்தலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ரைஸ் மில்காரர் மனைவியின் பெயரும் என் பெயரும் ஒன்று என்பதுதான்.

ஒரு நாள் காலையில் நார் மில்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“அம்மணி, உன்ற பேருல ஒரு காரியம் ஆகோணும். நீயும் பிரசிடெண்ட்டுக்கு நிக்கிற.”

“நானுங்களா? எனக்கு என்னங்க தெரியும்?”

“ஒன்னுந் தெரிய வேண்டாம். கையெழுத்துப் போட்டுப்போட்டு ஊட்ல உக்காந்துக்க. மிச்சத்த நா பாத்துக்கறேன்.”

சீட்டில் ஒரே பெயர் மேலும் கீழுமாக இரண்டு தடவை வந்தால், அவசரத்தில் குத்துகிறவர்களில் பாதிப்பேராவது தவறிக் குத்துவார்கள். அவ்வளவுதான் திட்டம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சம்பளமும் கூரையும் ஒரே ஆளுடைய கையில் இருக்கும்போது வேறெங்கே பார்ப்பது?

யூனியன் ஆபீஸில் மனுத்தாக்கல். கிளார்க் என் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன். எதிர்ப் பெஞ்சிலிருந்து பட்டுச்சேலை கட்டிய ஒருவரும் எழுந்தார். ரைஸ் மில்காரர் மனைவி. அவரைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். துணியை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பி என்னிடம் தைத்துக்கொள்வார். இருவரும் நின்றபடியே ஒருவரையொருவர் பார்த்தோம். கிளார்க் சிரித்துவிட்டார்.

“ஏனுங், பேரத் தவிர உங்ககிட்ட வேற ஒன்னும் இல்லீங்களா?” என்றார் அந்த அம்மாள்.

எங்கள் பக்கத்தில் திட்டும்போதுகூட ‘ங்க’ போடுவார்கள். அப்போது அது இன்னும் ஆழமாக இறங்கும். நார் மில்காரரின் கணக்குப்பிள்ளை என் முழங்கையைத் தொட்டு மேஜைப்பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரமே பாதி ஊர் என்னிடம் தைக்கக் கொடுப்பதை நிறுத்தியது. ரைஸ் மில் பக்கத்து வீடுகளில் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நார் மில் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஆனால் அளவு கொடுக்கும்போது என்னைப் “பிரசிடெண்ட்டம்மா” என்று கூப்பிட்டு ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தேன்.

அப்போதுதான் காலனியிலிருந்து ஒரு அக்கா வந்தார். மில்லில் நார் உலர்த்தும் களத்தில் வேலை செய்கிறவர். கிழிந்த பாவாடை ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அம்மணி, காலனில நாங்க அல்லாரும் உங்களுக்குத்தானுங்க குத்தறம்.”

மிஷினை நிறுத்தினேன். “எனக்கா? எதுக்குங்க்கா?”

“அவிய ரெண்டு பேருக்கும் குத்தறதுக்கு மனசு வல்லீங்க. போகாம ஊட்ல இருந்துக்கலாமுன்னா, நம்ம ஓட்ட அவிய ஆளுங்களே குத்திப்போடுவாங்க. போன தடவை என்ற மாமியா செத்து மூனு வருசங் கழிச்சு ஓட்டுப் போட்டாங்கல்லோ. அதுக்கு உங்களுக்குக் குத்திப்போட்டா, ஆருக்கும் குத்தாத மாதிரியுமாச்சு, ஓட்டு திருட்டுப் போகாமயுமாச்சு.”

“ஒருவேளை நா ஜெயிச்சுட்டனா?”

அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணமில்லை, வேடிக்கையைக் கேட்டால் வருகிற சிரிப்பு. “அதெங்கீங்க!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பெஞ்சில் அந்த அம்மாள் கேட்ட கேள்வியைவிட இந்தச் சிரிப்பு என்னை அதிகமாகச் சுட்டது. ஒருவருக்கு நான் பெயர். இன்னொருவருக்கு நான் யாருமில்லாத இடம், வெற்றிலை எச்சிலைத் துப்ப ஒரு மூலை. அன்றைக்கு முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் ஆத்திரம் வந்தது. இத்தனைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடித்தோம். குழாய் வேண்டும், பள்ளத்துக்குக் கரை வேண்டும் என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி நார் மில்காரருக்கு எட்டிவிட்டது. ரைஸ் மில்காரர் மனைவியின் பூட்டுச் சின்னத்துக்குப் போகிற ஓட்டைக் குழப்பத்தான் என்னை நிறுத்தினார். தன் களத்தில் வேலை செய்கிறவர்களே என் கையுருளைச் சின்னத்தில் குத்துவார்கள் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. பிரச்சாரத்தின் கடைசி நாள் ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முன்சீட்டில் ஏணிச் சின்னத்தில் நிற்கிற அவருடைய மனைவி கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அந்தக் கையைப் பிரித்து நான் பார்க்கவில்லை.

“ஏறு அம்மணி. மைக்குல சொல்லோணும். எனக்குக் குத்தாதீங்க, நானே ஏணிக்குத்தான் குத்தறேன்னு காலனிக்கு முன்னால சொல்லிப்போடு. தீந்துபோச்சு.”

நின்ற வேட்பாளரே தனக்கு வேண்டாமென்று ஊர்வலம் போவதை நான் கேள்விப்பட்டதில்லை. ஏறினேன். காலனி முக்கில் ஜீப் நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். பாவாடை கொடுத்த அக்காவும் இடுப்பில் குடத்தோடு நின்றார். மைக் என் கைக்கு வந்தது.

என் குரல் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வந்தபோது முதலில் பயந்துபோனேன். பிறகு சொன்னேன்: “இந்தப் பேருல ரெண்டு பேரு நிக்கிறமுங்க. பூட்டு ரைஸ் மில்லுக்காரங்களுது. நானு டிராக்டர்காரரு சம்சாரம், எனக்குக் கையுருளைங்க. அவியளுக்குப் போடோணுமுன்னா பூட்டுல குத்துங்க, தப்பி எனக்குக் குத்தீராதீங்க. எனக்குக் குத்தறவிய, எனக்குன்னு நெனச்சுக் குத்துங்க. குழாய்த் தண்ணி கேக்கறதுக்கு எனக்கும் வாய் இருக்குதுங்க.”

டிரைவர் மைக்கைப் பிடுங்குவதற்குள் அவ்வளவும் சொல்லி முடித்திருந்தேன். நார் மில்காரர் என்னைத் திட்டவில்லை. “எறங்கிக்கங்க” என்றார். முதல் தடவையாக எனக்கு ‘ங்க’ போட்டார். நான் இறங்கி நடந்தேன். பின்னால் யாரும் கைதட்டவில்லை. அக்கா குடத்தோடு உள்ளே போய்விட்டிருந்தார்.

நான் வீடு சேருவதற்கு முன்பே, வேலைக்கு வரவேண்டாம், வீட்டையும் காலி செய்யணும் என்று மில் ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் டிராக்டர் சாவியில்லாத வெறுங்கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“உனக்கு என்ன கேடு வந்துச்சு? பேசாம உக்காந்திருந்தா முடிஞ்சிருக்குமே.”

“நீங்க பேசாம உக்காந்திருந்ததுலதானுங்க இங்க வந்து நிக்கிறோம்.”

கல்யாணமாகி அவரிடம் நான் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். ஓட்டுப்போடும் நாள் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் அட்டை மறைப்புக்குப் பின்னால் ரோஸ் கலர் சீட்டை விரித்தேன். முதலில் ரைஸ் மில்காரர் மனைவி பெயர், அடுத்து என் பெயர், கீழே ஏணி. ஏணியையும் பூட்டையும் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் எனக்குக் குத்தப்போகிறவர்களை நினைத்தாலும் அப்படியே இருந்தது. சீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வெளியே ஏஜெண்டு இருமினார். கையுருளையில் அழுத்திக் குத்திவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏணிக்குக் குத்தியதாகச் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆளில்லை.

ஏணி ஜெயித்தது. பூட்டு தோற்ற வித்தியாசத்தைவிட என் ஓட்டு அதிகம். நார் மில்லில் வெடி வெடித்தார்கள். மறுநாளே கணக்குப்பிள்ளை வந்து, “மொதலாளி கோபமெல்லாம் உட்டுப்போட்டாருங்க, வண்டி எடுக்க வரச் சொன்னாரு” என்றார். அவர் விரும்பியதை நான் அவருக்கு விரோதமாகப் பேசியே செய்து கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ரைஸ் மில்காரர் மனைவி தானே வந்தார். என்னிடம் பாக்கியிருந்த ஒரு ஜாக்கெட் துணியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

“உங்களுக்கு உழுந்தது பூராவும் எனக்கு உழுக வேண்டிய ஓட்டுங்க. பேர்க் கொழப்பத்துல போச்சு.”

“இல்லீங்க. நானே மைக்குல வெளக்கிச் சொன்னனுங்க. உங்க ரெண்டு பேரையும் புடிக்காதவிய போட்டதுங்க அது.”

“எங்களப் புடிக்காதுன்னு ஆரு சொன்னது?”

“குளத்து வேலிக்கு அக்கட்ட மாடு மேய்க்கறவியளக் கேட்டுப் பாருங்க.”

அவர் முகம் கறுத்தது. துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, “கொழப்பந்தானுங்க” என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது குழப்பமாக இருக்கவேண்டும். எனக்கு அது குழப்பமாக இருக்கக் கூடாது. எந்த ஓட்டு எதற்காக விழுந்தது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் மில்லுக்குத் திரும்பிப் போகத்தான் நினைத்தார். “போறதுன்னா போங்க, அந்த ஊட்ல நா இருக்கமாட்டேன்” என்றேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தவர், பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் வேண்டுமென்று சித்தப்பா மகன் சொல்லியனுப்பியதும் சரியென்றார். மிஷினை பஸ் மேலே ஏற்றிக் கட்டினோம். அதுவரை காலனிக்குக் குழாய் வரவில்லை. பிறகு வந்ததா என்று நான் விசாரிக்கவும் இல்லை.

பெருந்துறையில் அடுத்து ஒரு பார்லிமெண்ட் தேர்தல் வந்தபோது, பக்கத்து வீட்டம்மா சீட்டில் கடைசியாக இருக்கிற ஒரு சுயேச்சைக்குக் குத்தப்போவதாகச் சொன்னார். “பெரிய கட்சிக்காரனுங்களக் கண்டாவே பத்திக்கிட்டு வருதுங்க. அவனுங்களுக்கு ஒறைக்கோணும்.”

“அந்த சுயேச்சைய நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“அதெதுக்குங்க?” என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு வைத்திருந்த காபியைக்கூடக் கொடுக்காமல், அடுப்படிக்குள் போய்விட்டேன்.