சத்தம் ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்

பாடம் நடத்துவது எங்கள் தொழிலில் பாதி. கேள்வி கேட்டபின் வகுப்பில் விழும் அமைதிக்கு என்ன பொருள் என்று யோசிப்பது மீதி. சாக்பீஸ் தூளை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாழ்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தது, கல்வராயன் மலையில் எட்டாம் வகுப்புவரை இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம்.

கயிறு

எட்டாம் வகுப்பில் ஒரு கதை. ஒருவன் தன் மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான். "கயிற்றை ஏன் சுருட்டித் தோளில் போடாமல் கையில் பிடித்தபடி போனான்?" என்று கேட்டேன். கேள்வி முடியும் முன்னே பையன்கள் பக்கம் கைகள் எழுந்துவிட்டன. தோள் வலி என்றான் ஒருவன். பாம்பு வந்தால் அடிக்க என்றான் இன்னொருவன். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் புத்தகத்துக்குள் இருந்தன.

கடைசியாக அண்ணாமலை எழுந்தான். நடைவழியை ஒட்டி உட்காருகிற பையன், கபடியில் கெட்டி. "மாடு பின்னாடி வந்துகினே இருக்குதுன்னு நெனச்சிக்கினு நடக்கிறான் சார்" என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவனை மெச்சிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மாட்ட வித்தா கயித்த குடுக்க மாட்டாங்க சார். அது வழக்கம். அதுக்கு இன்னாத்துக்கு ஒரு பாடம்?"

முறை

பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது ஒன்று கவனித்தேன். என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பையன்களும் பெண்களும் ஒரே மாதிரி எழுதினார்கள். ஏன் நடந்தது என்ற கேள்விக்குப் பெண்களின் பதில் நீளமாக இருந்தது. எல்லாப் பெண்களும் அப்படியில்லை, எல்லாப் பையன்களும் இப்படியில்லை. ஆனால் அலமேலு என்ற பெண்ணின் பதில்களை நான் இரண்டுமுறை படிப்பேன். பெண்கள் பக்கம் நடைவழி ஓரத்தில் உட்காரும் அந்த அலமேலுவை வகுப்பில் எழுப்பினால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். வாயிலிருந்து காற்றுகூட வராது.

அவள் பக்கத்தில் உட்காரும் சாந்திக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது. "பசங்கள்ல பாதிப் பேரு அதுக்கு மாமம்புள்ளைங்க சார், கட்டிக்கிற மொற. சத்தமா பேசிச்சின்னா, 'இப்பவே அதட்டுது பாரு'ன்னு வூடு வரைக்கும் ஓட்டிக்கினே வருவானுங்க."

பையன்கள் வாயை மூடிய வாரம்

சரி, இந்த வாரம் பெண்கள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். கேள்வி கேட்பேன், பெண்கள் குனிவார்கள், பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிவார்கள், வெளியே ஆடு கத்துவது தெளிவாகக் கேட்கும். உங்களில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால், மணி அடிப்பதற்குள் எவ்வளவு வயதாகும் என்பது தெரிந்திருக்கும். சாந்தி ஒருத்திதான் தினமும் எழுந்தாள், பெரும்பாலும் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்க.

வெள்ளிக்கிழமை முன்வரிசைப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "சார், தப்பான பதில்தான். ஆனா உள்ள வச்சிக்கினு இருக்க முடியல, சொல்லிடட்டா?"

காதில் விழ வேண்டும்

ஒன்பதாம் வகுப்புக்கு மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அலமேலுவின் அப்பா வந்தார். மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். வெட்டு நடந்துகொண்டிருந்தது, மகளும் வந்தால் கட்டுக் கட்ட ஒரு கை கிடைக்கும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "இது கிளாஸ்ல வாயத் தொறக்குதா சார்? தொறக்குதுன்னா ஹாஸ்டலு. இல்லன்னா எங்கூட இட்டுக்கினு போறேன்."

நன்றாக எழுதுகிறாள் என்று தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கைகளில் வாங்கி, தலைகீழாக இருக்கிறதோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "எழுதறத நான் எப்படி சார் பாக்கறது? பேசினா காதுல விழும். நாளைக்கு நானே வந்து ஒக்காந்து கேக்கறேன்."

ஆற்றைத் தாண்டிய அண்ணன்

மறுநாள் கடைசி வரிசையில், முழங்காலில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைய கதையில் ஒரு அண்ணன், வெள்ளம் போகும் ஆற்றைத் தங்கையைச் சுமந்துகொண்டு தாண்டுகிறான். கரையில் இறக்கிவிட்டதும் அவளை அடிக்கிறான். "ஏன் அடித்தான்?" என்று கேட்டுவிட்டு அலமேலுவைப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் தேய்க்க ஆரம்பித்தது. "வெயிட்டு ஜாஸ்தி சார்" என்றான் ஒருவன். நான் காத்திருந்தேன். அண்ணாமலை எழுந்தான். "பயந்துட்டான் சார். அதான் அடிச்சான்."

அலமேலுவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "இந்தப் பையன அனுப்புங்க சார், படிப்பான். நான் இத இட்டுக்கினு போறேன்." அண்ணாமலை உட்காரவில்லை. காது சிவந்து நின்றான். "மாமா, நான் சத்தம் மட்டுந்தான். பதிலு பூரா அது சொல்றது. புக்குக்குள்ள தலைய வுட்டுக்கினு எனக்கு மட்டும் கேக்கறாப்புல சொல்லும்." வகுப்பே ஓவென்று கூச்சலிட்டது. "மாமாவாம்டா!" என்றார்கள். அவன் அப்படியே நின்றான்.

"நெசமா?" என்று மகளைக் கேட்டார். அலமேலு எழுந்தாள். அவள் குரலை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். கொஞ்சம் கட்டைக் குரல். "இவன் பாதிய வுட்டுட்டான்பா. ஆத்துல இருக்கச்சொல்ல அவனுக்குப் பயமே இல்ல. கரைக்கு வந்து தங்கச்சி மொகத்தப் பாத்த அப்பறந்தான், வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்னு பயம் வந்துச்சி. அந்தப் பயத்துலதான் அடிச்சான்."

யாரும் சிரிக்கவில்லை.  அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஹாஸ்டலுக்குத் தகரப் பொட்டி வேணுமா சார், பையி போதுமா?"

அதற்குப் பிறகு கேள்வி கேட்டதும், தூக்கிய கையை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் குனிந்திருக்கும் தலையை எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்து, பணி ஓய்வு பெறும்போது எனக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுபோயிருந்தது.