காதைத் தொட்ட கை

இசைவாணி பிறந்தது 1991 தை மாதம். பள்ளிச் சான்றிதழில் 1.6.1990 என்று இருக்கிறது. கீழக்குயில்குடியில் அவருடைய அப்பா மொக்கைச்சாமியும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடப் போவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. நாலரை வயதுகூட ஆகாதவரைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஆசிரியர். நீளமான கை, தொட்டுவிட்டது. ஐந்து முடிந்ததாக ஒரு தேதி எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த நாளில் பலருக்கும் அப்படித்தான் பிறந்தநாள் அமைந்தது.

இன்று அவர் வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சியாளர். வயல் வேலையின்போது கன்னத்தில் புகையிலை அடக்கும் பெண்களுக்கு வாயில் வெள்ளைத் திட்டு வரும். எந்தத் திட்டு புற்றாக மாறும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆய்வு. திருமங்கலம் பக்கத்து வயல்களுக்குப் போய், வரப்பில் உட்கார்ந்து, சிறு தூரிகையால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து மாதிரி எடுப்பார். அங்கே நடவுக்கு வரும் மூத்தவர் ராக்கம்மாள் முதலில் மறுத்தார். இந்தப் பெண்ணின் அம்மா ஒரு காலத்தில் தன்னோடு நடவுக்கு வந்தவர் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். மற்ற பெண்களையும் திறக்க வைத்தார்.

சொந்தமாக ஆய்வு தொடங்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதிக்கு 2025 ஜூன் கடைசியில் விண்ணப்பித்தார். முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. வீட்டில் எப்போதும் தை மாதக் கணக்குதான், முப்பத்து நாலுதானே என்று இருந்துவிட்டார். சான்றிதழ்த் தேதியை இணையத்தில் பதிந்ததும் தகுதியில்லை என்று வந்துவிட்டது.

ஆய்வகத் தலைவர் ஸ்ரீகுமார் எளிய வழி சொன்னார். திட்டத்தைத் தம் பெயரில் அனுப்பலாம், இசைவாணி அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். வேலை நடந்தால் போதாதா என்றும் கேட்டார்.

“என்னைய நம்பித்தான் சார் வாயைத் திறந்தாங்க. உங்களை அவங்களுக்குத் தெரியாது.”

மாதிரிகள் வைக்க ஆய்வக உறைபெட்டியில் இசைவாணிக்கிருந்த இரண்டு தட்டில் ஒன்றை மறுவாரம் ஸ்ரீகுமார் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியதில் நெருக்கி அடுக்கிக்கொண்டார்.

மொக்கைச்சாமிதான் நொந்துபோனார். அன்றைக்குக் கை காதுக்கு எட்டாத மாதிரி நிற்கச் சொல்லியிருக்கலாம் என்று புலம்பினார்.

“எட்டுன கைய இப்ப எறக்கச் சொல்றீகளாப்பா?” என்று சிரித்தார் மகள்.

வயதைக் கணக்கில் எடுக்காத வேறொரு நிதியைத் தேடிப் பிடித்தார். முனைவர் பட்டம் வாங்கி ஐந்தாண்டுக்குள் இருந்தால் போதும். நேர்காணலில் ஒருவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தாமதமாகவா தொடங்குகிறீர்கள் என்றார்.

“நான் பிந்தி வரலை சார். ஒரு வருசம் முந்தியே பள்ளிக்கூடம் போனவ.”

மூன்றாண்டுக்கு நிதி கிடைத்தது, இசைவாணியின் பெயரில். ஸ்ரீகுமார் வாழ்த்திவிட்டு, தம் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு, இசைவாணி மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் திருமங்கலம் பஸ் ஏறினார். அன்று ராக்கம்மாளிடம் இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டியிருந்தது.