கரும்பு ஓரத்தில் நின்ற டாங்கி

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு நீளமான ட்ரெய்லர். அதன் மேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று. இந்தச் சாலையில் கார் போகும், கார் செய்கிற இயந்திரம் போகும், காற்றாலை இறக்கைகூடப் போகும். யாரும் தலையைத் திருப்புவதில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் பெய்த மழையில் தார்ப்பாய் ஒரு ஓரம் விலகி, அடியில் கனத்த இரும்புப் பட்டை ஒன்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "டாங்கி சார், ஆவடிலேர்ந்து எங்கயோ போவுது போல கீது" என்றார். நான் கார்க் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். ஈரத் தார்ப்பாயும் டீசலும் கலந்த வாசனை உள்ளே வந்தது. சிக்னல் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்து, பின்னால் நின்றவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாசனையில் நான் மூன்று வருடம் குடியிருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிங்கப்பெருமாள் கோவிலில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், லாரித் தார்ப்பாய் தைக்கிற கடைக்கு மேலே ஒரு அறை. அறையில் நானும் ஸ்டீபனும். இரண்டு பேரும் ஒரே லாரிக் கம்பெனியில் வேலை. நான் உற்பத்தித் திட்டப் பிரிவு, அவன் தரப் பரிசோதனை. அவன் நாசரேத் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது புரோட்டா வாங்கி வருவான். வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உலகப் போரை ஆரம்பித்துவிடுவான்.

போர் நடந்தது எங்கள் கம்ப்யூட்டரில். பக்கவாட்டுத் தகடு இல்லாத, குடல் வெளியே தெரிகிற பழைய பெட்டி அது. அதில் ஒரு டாங்கி விளையாட்டு இருந்தது. இப்போது பிள்ளைகள் விளையாடுவது போல ஓடி ஓடிச் சுடுவது கிடையாது. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள் போட்ட ஒரு வரைபடம். நம் முறை வந்தால் நாம் நகர்த்தவேண்டும், அடுத்த முறை எதிரி நகர்த்துவான். எங்களைப் பைத்தியமாக அடித்தது அந்த விளையாட்டுகூட இல்லை. அதோடு வந்த ஒரு கருவி. அதை வைத்து நாமே ஒரு போரை உருவாக்கலாம். எங்கே மேடு, எங்கே சேறு, யாரிடம் எத்தனை டாங்கி, எது எந்த முறையில் வந்து சேரும், என்ன செய்தால் வெற்றி என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். சரித்திரத்தில் நடந்த சண்டைகளைப் புத்தகம் பார்த்து அப்படியே கட்டுவோம். கட்டி, அதற்கென்று இருந்த ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் ஏற்றுவோம். ரஷ்யப் பனியில் ஒரு போர் செய்தோம். பனி என்றால் ஃபிரிட்ஜுக்குள் பார்த்ததுதான் இரண்டு பேரும். குளிர் நாட்டுக்காரர் ஒருவர், உங்கள் பனியில் டாங்கி என்ன, பூனைகூட நடக்காது என்று பணிவாக எழுதியிருந்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்று ஸ்டீபன் இன்றுவரை சொல்லிக் காட்டுவான்.

அதற்குப் பிறகுதான், நம் நாட்டுப் போர் ஒன்றைச் செய்வோம் என்று முடிவு செய்தோம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு மேற்கு எல்லையில் நடந்தது. கையில் கிடைத்த கொஞ்சம் விவரத்தை வைத்து வரைபடம் தயார் செய்து, ஆபீஸ் பிரின்டரில் யாரும் பார்க்காதபோது அச்செடுத்து, சாப்பாட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தோம்.

கேட்டில் பையைச் சோதிப்பார்கள். உதிரிபாகம் எதையாவது தூக்கிப் போகிறோமா என்று பார்ப்பதற்கு. அன்றைக்கு நின்றவர் மாணிக்கம். அறுபதைத் தொட்ட மனிதர், சுங்குவார்சத்திரம் பக்கத்தில் வீடு. தினமும் பார்க்கிற முகம், தினமும் ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் எதுவும் தெரியாது. டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவினார்.

"இன்னா தம்பி இது, லைன் லேஅவுட்டா? இதெல்லாம் வெளிய போவக்கூடாதே."

"இல்ல சார், இது கம்ப்யூட்டர் கேம். டாங்கி சண்டை" என்றேன். எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் காகிதத்தை வெயிலுக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்று முனகிக்கொண்டிருந்தார்கள். விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"இங்க ஒரு ஓடை கீதுபா. நீங்க போடல. ஓடைக்கு இந்தாண்ட ஃபுல்லா கரும்பு."

அவர் அந்தப் போரில் செஞ்சூரியன் டாங்கி ஓட்டியவர். ஸ்டீபன் மரியாதையாக, "அப்ப நீங்க ஹவில்தாருங்களா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "ரிட்டேர் ஆவும்போது தஃபேதார். டாங்கிப் படையில ஹவில்தார்னு கூப்ட மாட்டாங்க" என்று திருத்தினார். ஒரு வருடமாக இந்த மனிதரிடமா நான் தயிர்சாதத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது எனக்குக் கூச்சமாகவும் பிரமிப்பாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இஸ்திரி போட்ட சட்டையோடு அறைக்கு வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, எங்கள் போரை ஓட்டிக் காட்டினோம். பெருமையாகத்தான். இரண்டு முறைக்கு ஒரு டாங்கி வீதம் வரிசையாக வந்து இறங்கியது. மாணிக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாபா இது, கம்பெனி பஸ்ஸா? ஒண்ணு பின்னால ஒண்ணு கரெக்ட்டா வருது!"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். எங்கள் லைனில் லாரி எப்படி இடைவெளி பிசகாமல் இறங்குமோ, அதே கணக்கில் நான் ஒரு யுத்தத்தைத் திட்டமிட்டு வைத்திருந்தேன். டீசல் சொன்ன நேரத்துக்கு வந்தது, குண்டு சொன்ன நேரத்துக்கு வந்தது, எதுவும் பழுதாகவில்லை. உற்பத்தித் திட்டக்காரன் போர் செய்தால் இப்படித்தான் செய்வான்.

"அங்க ஒருத்தனும் நேரத்துக்கு வர்ல தம்பி. ஒரு வண்டிக்குப் பட்டை கழண்டுகிச்சி. ஒரு வண்டி டீசலுக்கு நின்னுகினு இருந்துச்சி. ஒண்ணு வழி தெரியாம வேற ஊருக்கே பூட்ச்சி."

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அவர் சொல்லச் சொல்ல மாற்றினோம். ஸ்டீபன் பீரங்கியின் தூரம், தகட்டின் கனம் என்று புத்தகக் கேள்வியாகக் கேட்பான். அவர் வேறு எதையாவது சொல்வார். ஓட்டுகிறவனுக்குச் சண்டையே தெரியாது, முன்னால் போகிற டாங்கியின் பின்பக்கமும் அதன் புகையும்தான் தெரியும் என்பார். டிசம்பர் குளிரில் இரும்பைத் தொட்டால் கை மரத்துப்போகும் என்பார். புரோட்டா ஆறிக்கொண்டிருக்கும். நாங்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்போம்.

மூன்றாவது ஞாயிறு அவர் பேச்சில் ஓடைக்கு வந்தார். அதுவரை அந்த இடத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவருடைய பிரிவில் மூன்று டாங்கிகள். இரண்டாவதை ஓட்டியவர் இவர். மூன்றாவதை ஓட்டியவர் ஏழுமலை. ஒரே தாலுகா, ஒரே நாளில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போய்ச் சேர்ந்தவர்கள். அன்று காலை புறப்படும் முன் ஏழுமலை ஒரு கரும்பை ஒடித்துப் பாதியை இவரிடம் கொடுத்திருக்கிறார். ஓடையைக் கடக்கும்போது, மேலே நின்ற கமாண்டர் இடப்பக்கம் போகச் சொன்னார். இவருக்கு வலப்பக்கம் தரை கெட்டியாகத் தெரிந்தது. வலப்பக்கம் திருப்பினார். டாங்கி சேற்றில் இறங்கிவிட்டது. வழி அடைபட்டதால் பின்னால் வந்த மூன்றாவது டாங்கி சுற்றிக்கொண்டு திறந்த வயலில் ஏறியது. அங்கே அதை அடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள்.

"அந்தப் பாதிக் கரும்பு என் சீட்டாண்டயே கெடந்துச்சி" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, இதுல ஓட்டிப் பாக்க முடியுமா? நான் லெஃப்ட்ல போயிருந்தா ஏழுமலை வந்திருப்பானா?"

நாற்பது வருடமாக ஒரு மனிதர் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அதை இருபத்து நான்கு வயதான, தலை சீவத் தெரியாத இரண்டு பேரிடம் கேட்டார். "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் ஸ்டீபன் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னான். "ஏல, எந்தப் பக்கம் போனாலும் அடி விழுத மாதிரி வச்சிருவோம். அந்த மனுசனுக்கு மனசு ஆறட்டும்ல."

தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தேன். இடப்பக்கக் கரையின் மேல், வரைபடத்தில் வெளியே தெரியாதபடி, மூன்றாவது டாங்கி வரும்போது மட்டும் சுடுகிற ஒரு எதிரி பீரங்கியை ஒளித்து வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அந்த வாரம் முழுக்க வேலையில் விசில் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு மாணிக்கம் மவுஸைக் கையில் வாங்கினார். முதல் டாங்கி கடந்தது. தன் டாங்கியை இடப்பக்கம் கொண்டுபோனார். அதுவும் கடந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவதை அதே வழியில் கொண்டுவந்தார். கரை மேலிருந்து சுடப்பட்டுப் புகைந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சி?"

"கரை மேலேர்ந்து சார்."

"அந்தக் கரையில நம்ம ஆளுங்கதானே ரெண்டு நாளா குந்திகினு இருந்தாங்க." என்னைப் பார்த்தார். "இத்த நீ வச்சியா?"

ஸ்டீபன் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"ஆமா சார்."

"எனக்காவவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எட்த்துடு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

எடுத்தேன். இப்போது அது நேர்மையான போர். இடப்பக்கம் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. மறுபடி ஆரம்பித்தார். முதல் டாங்கியைக் கடத்தினார். இரண்டாவதை, எங்கள் கண் முன்னாலேயே, வலப்பக்கம் விட்டார். அன்று போன அதே வழி. அது சேற்றில் மாட்டியது; வெளியே வரச் சில முறைகள் ஆகும். ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுக்க, நான் அவன் காலை மிதித்தேன். மூன்றாவது டாங்கி கரும்பு ஓரத்தில் நின்றது. மாணிக்கம் அதைத் தொடவில்லை. முறை முடிந்தது. அடுத்த முறை, அடுத்த முறை. மற்றதையெல்லாம் நகர்த்தினார், சுட்டார். அதை மட்டும் நகர்த்தவே இல்லை.

"அண்ணாச்சி, மூணும் அக்கர போனாத்தான் ஜெயிப்பு. அது அங்கனயே நின்னா தோத்துருவோம்" என்றான் ஸ்டீபன்.

"தோத்தா தோக்கறோம். அவன் அங்கயே இருக்கட்டும். கரும்பு தின்னுகினு இருப்பான்."

கடைசி முறை முடிந்து சிவப்பு எழுத்தில் தோல்வி என்று வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கரும்புக்காக நாங்கள் போட்டிருந்த பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்ற அந்தச் சின்ன டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரித்திரத்தைத் துல்லியமாகக் கட்டிவிட்டோம் என்று நாங்கள் பீற்றிக்கொண்டிருக்க, தன் தவறைத் தன் கையாலேயே மறுபடி செய்துவிட்டு, சிநேகிதனை மட்டும் விட்டுவைக்கிறார் ஒரு மனிதர். அவருடைய கேள்விக்கு விடை இரண்டு கட்டம் தள்ளி இருந்தது. ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். அவர் கடைசிவரை தட்டவில்லை. இவ்வளவு பெரிய மனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதன் பிறகு பல ஞாயிறு வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே ஆட்டம், அதே தோல்வி, ஒரு டீ, பிறகு பஸ். ஸ்டீபனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்வதற்கு முந்தைய வாரம், நான் ஒரு வேலை செய்தேன். வெற்றிக்கான நிபந்தனையை மாற்றினேன். மூன்று டாங்கியும் அக்கரை போகவேண்டும் என்று இருந்ததை எடுத்துவிட்டு, மூன்றாவது டாங்கி கடைசி முறைவரை முழுசாக இருக்கவேண்டும் என்று வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

வழக்கம்போல ஆடி முடித்தார். திரையில் பச்சை எழுத்தில் வெற்றி என்று வந்தது. முதல் முறையாக அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இதுவும் நீ வச்சதுதானே?"

"ஆமா சார். எடுத்துடட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

"வேணாம். இருக்கட்டும்."

அடுத்த வருடம் செக்யூரிட்டி ஏஜென்சி மாறியது. சீருடையின் நிறம் மாறியது, கேட்டில் முகங்கள் மாறின. சோம்பேறி நான், ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இரண்டு தடவை விசாரித்தேன். எந்த மாணிக்கம் என்றார்கள். இப்போது கேட்டில் பையை இயந்திரம் பார்க்கிறது. அதற்கு ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாது. தார்ப்பாய்க் கடையும் அதன் மேலிருந்த எங்கள் அறையும் சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டன. நாங்கள் போர்களை ஏற்றி வைத்த இணையதளம் ஒருநாள் திறக்கவில்லை, பிறகு திறக்கவே இல்லை. அந்த விளையாட்டு இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் ஓடாது.

அன்று ட்ரெய்லரைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து, அறையைக் காலி செய்தபோது எங்கள் போரைப் பதிந்து, ஸ்டீபன் தன் கையெழுத்தில் பெயர் எழுதிக் கொடுத்த குறுந்தட்டைத் தேடி எடுத்தேன். அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் எந்த இயந்திரமும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்க்க இனி வழியில்லை. ஏழுமலை கரும்பு ஓரத்திலேயே இருக்கிறார்.